எல்லையோரக் குடும்பங்களுக்கு ஓய்வுக்காலச் சேமிப்பும் வருமான வரியும்: முழுமையான வழிகாட்டி

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், வாளையாறு, வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று நீளும் ஊர்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பணம் இரண்டு மாநிலங்களிலும் சிதறிக் கிடக்கிறது. கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில் சில வருஷம் வேலை, கோயம்புத்தூரில் சில வருஷம் வேலை. சீட்டு கேரள அரசின் சீட்டு நிறுவனமான கே.எஸ்.எஃப்.இ.யில், வைப்பு ஊர் சர்வீஸ் கோஆபரேட்டிவ் பேங்கில், தென்னந்தோப்பு சித்தூர் தாலுகாவில், மனை பொள்ளாச்சிப் பக்கம். வேலை செய்யும் வரை இது சிரமமாகத் தெரியாது. 58 வயதில் எல்லாவற்றையும் ஒன்று சேர்த்து மாத வருமானமாக மாற்ற உட்காரும்போதுதான் எது எங்கே நிற்கிறது, எதில் எவ்வளவு வரி போகும் என்ற கேள்வி வரும். அதை இப்போதே, 30, 35 வயதிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இத்தனை காலம் நம்மில் பலர் சேமித்தது வரியை மிச்சம் பிடிக்கத்தான். பிப்ரவரி, மார்ச் வந்தால் பாலிசி போடுவது, ரசீதை ஆபீஸில் கொடுப்பது. இப்போதைய வரி விதிகளில் அந்தக் காரணம் பெரும்பாலானவர்களுக்கு இல்லாமல் போய்விட்டது. வரிக்காகச் சேமித்தவர்கள் இனிச் சேமிக்காமலே விட்டுவிடும் ஆபத்து இருக்கிறது. வயதான காலத்துக்கென்றே, தனியாக, திட்டம் போட்டுச் சேமிக்க வேண்டிய காலம் இது.

முதல் படி: எல்லாவற்றையும் ஒரே நோட்டில் எழுதுங்கள்

ஒரு நீள நோட்டு எடுத்து, பி.எஃப். எண், யு.ஏ.என். (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். உறுப்பினர் எண்), வங்கிக் கணக்குகள், சீட்டு, பாலிசி, நிலப் பத்திரம், நகைக்கடன் என எல்லாவற்றையும் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கேள்விக்குப் பதில் எழுதுங்கள்: போடும்போது வரிச்சலுகை உண்டா, வளரும்போது வட்டிக்கு வரி உண்டா, எடுக்கும்போது வரி உண்டா. அரசின் பொது வருங்கால வைப்பு நிதியான பி.பி.எஃப்.பில் வளரும்போதும் எடுக்கும்போதும் வரி இல்லை. வங்கி வைப்பில் வளரும்போதே ஒவ்வொரு ஆண்டும் வரி. தேசிய பென்ஷன் திட்டமான என்.பி.எஸ்.ஸில் ஒரு பகுதிக்கு வரி இல்லை, பென்ஷனாக வருவதற்கு வரி உண்டு. இந்த மூன்று பதிலும் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

வருமான வரி மத்திய அரசுடையது. எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்தாலும் அந்தப் பக்கம் இருந்தாலும் ஒரே விகிதம்தான். மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுவது தொழில் வரி. ஆண்டுக்கு அதிகபட்சம் 2,500 ரூபாய். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் உள்ளாட்சி அமைப்புகளே அதை அரையாண்டுக்கு ஒருமுறை வாங்குகின்றன. குடியிருப்பது கொழிஞ்சாம்பாறையாக இருந்தாலும், வேலை கோயம்புத்தூரில் என்றால் பிடித்தம் அங்கேதான்.

இரண்டாம் படி: எவ்வளவு தேவை என்று கணக்குப் போடுங்கள்

இன்று 33 வயது. கணவன் மனைவி இருவருக்கும் பிள்ளைகள் செலவு நீங்கலாக மாதம் 15,000 ரூபாய் போதும் என்று வைத்துக்கொள்வோம். விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால், 25 ஆண்டு கழித்து அதே அரிசி, பால், மருந்து, கரண்டு பில்லுக்கு மாதம் ஏறக்குறைய 50,800 ரூபாய் வேண்டும். இந்தத் தொகையைப் பார்த்து மலைத்துப் போகாதீர்கள். சம்பளமும் ஏறும். ஆனால் இந்த எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். கீழே வரும் எல்லாவற்றையும் இதோடுதான் ஒப்பிட வேண்டும்.

மூன்றாம் படி: பி.எஃப்.பை உடைக்காதீர்கள்

எல்லையோரத் தொழிலாளி ஓய்வுக்காலத்தில் இழப்பது பெரும்பாலும் இங்கேதான் என்பது என் கருத்து. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அடிப்படைச் சம்பளம் 15,000 என்றால் உங்கள் பங்கு 12 சதவீதம், 1,800 ரூபாய். கம்பெனியும் 1,800 போடுகிறது. அதில் 1,250 பென்ஷன் திட்டத்துக்குப் போய்விடும், 550 மட்டும் உங்கள் பி.எஃப். கணக்குக்கு வரும். ஆக மாதம் 2,350 சேர்கிறது. 2024-25-க்கு அறிவித்த வட்டி 8.25 சதவீதம். அதே வட்டி, அதே சம்பளம் என்று வைத்து 25 ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் சுமார் 22 லட்சம் வரும். இன்றைய மதிப்பில் அது ஆறரை லட்சம்தான்.

பென்ஷன் தனிக் கணக்கு. கடைசி ஐந்து ஆண்டுச் சராசரிச் சம்பளத்தை (15,000 வரைதான் எடுத்துக்கொள்வார்கள்) சேவை ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 20 ஆண்டுக்கு மேல் சேவை இருந்தால் இரண்டு ஆண்டு கூடுதலாகச் சேர்ப்பார்கள். 25 ஆண்டு வேலை செய்தவருக்கு 15,000 பெருக்கல் 27 வகுத்தல் 70: மாதம் 5,785 ரூபாய். இந்தத் தொகை விலைவாசியோடு ஏறாது. 2014 செப்டம்பருக்குப் பிறகு முதன்முதலாகச் சேர்ந்து, சேரும்போதே அடிப்படைச் சம்பளம் 15,000-க்கு மேல் இருந்தவர்களுக்கு இந்தப் பென்ஷனே கிடையாது. அவர்களுக்குக் கம்பெனியின் பங்கு முழுவதும் பி.எஃப்.பில் சேரும்.

22 லட்சத்தை 7 சதவீத வட்டியில் போட்டால் மாதம் சுமார் 12,800. பென்ஷனையும் சேர்த்தால் 18,600. தேவை 50,800. மாதம் 32,000 குறைகிறது. இது ஒரு முறைகூடப் பணத்தை எடுக்காமல் 25 ஆண்டு விட்டுவைத்தவரின் நிலை.

நடப்பில் என்ன நடக்கிறது? கஞ்சிக்கோட்டில் மூன்று வருஷம் வேலை செய்துவிட்டு, கோயம்புத்தூரில் வேலை கிடைத்ததும் பழைய கணக்கை முடித்துப் பணத்தை எடுத்துவிடுகிறார்கள். இதில் மூன்று நஷ்டம். தொடர்ந்து ஐந்து ஆண்டு சேவை இல்லாமல் எடுத்தால் அந்தப் பணத்துக்கு வரி உண்டு. 50,000-ஐத் தொட்டால் பான் இருந்தாலும் 10 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். பென்ஷன் பங்கையும் சேர்த்து எடுத்துவிட்டால் அத்தனை வருஷ சேவையும் அழிந்துவிடும். பென்ஷனுக்குக் குறைந்தது 10 ஆண்டு சேவை வேண்டும். அது திரும்ப முதலிலிருந்து எண்ணப்படும். மூன்றாவதாக, கூட்டு வட்டி கனக்கத் தொடங்கும் நேரத்தில் அதை நிறுத்துகிறோம். வேலை மாறினால் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள். யு.ஏ.என். நாடு முழுவதற்கும் ஒன்றுதான், மாநிலம் மாறுவது தடையே இல்லை. மாற்றினால் பழைய கம்பெனியின் சேவையும் அந்த ஐந்து ஆண்டுக் கணக்கில் சேரும்.

மாற்றும்போது நம் பகுதியில் வரும் பெரிய சிக்கல் பெயர். கேரளத்தில் எடுத்த ஆதாரில் தந்தை பெயர் விரிவாகப் பின்னால் இருக்கும். தமிழ்நாட்டில் படித்த சான்றிதழில் இனிஷியல் முன்னால் இருக்கும். பான் கார்டில் வேறொரு மாதிரி. மலையாள எழுத்தின் வழியாக ஆங்கிலத்துக்குப் போன பெயரில் ஓர் எழுத்து கூடியிருக்கும். பிறந்த தேதியும் சில சமயம் வேறாக இருக்கும். இதில் ஒன்று பொருந்தாவிட்டாலும் விண்ணப்பம் திரும்பி வரும். ஆதாரை அடிப்படையாக வைத்துக்கொண்டு, பான், வங்கி, பி.எஃப். மூன்றையும் அதற்கு ஒத்ததாகத் திருத்திவிடுங்கள். இந்தப் பக்கம் அக்ஷயா சென்டர், அந்தப் பக்கம் இ-சேவை மையம், இரண்டிலும் ஆன்லைன் வேலைக்கு உதவி கிடைக்கும். பழைய கம்பெனி இயங்கிக்கொண்டிருக்கும்போதே இதைச் செய்வது நல்லது. மூடிப்போன கம்பெனியின் பதிவில் திருத்தம் செய்ய அலைவது பெரும்பாடு. அதே உட்காரலில் வாரிசுப் பதிவையும் முடித்துவிடுங்கள். கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரைப் போட்டவர்கள் மாற்றாமலே இருக்கிறார்கள்.

வேலையை விட்டுப் போகும்போது கம்பெனி தரும் பணிக்கொடையான கிராஜுவிட்டியை மறக்க வேண்டாம். கடைசிச் சம்பளத்தில் 26-ல் 15 பங்கை சேவை ஆண்டுகளால் பெருக்கினால் வரும் தொகை. 20 லட்சம் வரை வரி இல்லை. கிடைக்க வேண்டிய நாளிலிருந்து 30 நாளுக்குள் கம்பெனி தர வேண்டும், தாமதித்தால் வட்டியும் தர வேண்டும். மூணாறு, பீர்மேடு, வண்டிப்பெரியாறு பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் நம் மக்களுக்கு இது உயிர்நாடி. வேலை முடிந்தால் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும் என்பதால், அவர்களுக்கு ஓய்வுக்கால முதல் செலவே தலைக்கு மேல் ஒரு கூரை. கிராஜுவிட்டியையும் பி.எஃப்.பையும் நம்பி மட்டும் வீடு கட்ட முடியாது. பத்து ஆண்டுக்கு முன்பே ஊரிலோ கீழ்நாட்டிலோ சிறு மனையாவது வாங்கி வைக்க வேண்டும்.

நான்காம் படி: வரியைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள்

2025 ஏப்ரல் முதல் புதிய வரி முறையில் 4 லட்சம் வரை வரி இல்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம், 8 முதல் 12 வரை 10, 12 முதல் 16 வரை 15, 16 முதல் 20 வரை 20, 20 முதல் 24 வரை 25, அதற்கு மேல் 30. வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் 60,000 வரை தள்ளுபடி கிடைத்து வரி பூஜ்யமாகிவிடும். சம்பளக்காரருக்கும் பென்ஷன்காரருக்கும் 75,000 நிலையான கழிவும் உண்டு என்பதால் 12.75 லட்சம் வரை வரி இல்லை.

இதை, சேமிப்புக்குக் கழிவு தரும் பழைய முறையோடு வைத்துப் பாருங்கள். ஆண்டுச் சம்பளம் 10 லட்சம். பழைய முறையில் 50,000 நிலையான கழிவும், பாலிசி, பி.எஃப்., பி.பி.எஃப். என 1.5 லட்சமும் கழித்தால் 8 லட்சம் மிஞ்சும். வரியும், அதன் மேல் போடும் கூடுதல் வரியான செஸ்ஸும் சேர்த்து 75,400 ரூபாய். புதிய முறையில் ஒன்றுமே இல்லை. வீட்டுக்கடன் வட்டி, வீட்டு வாடகை எல்லாம் பெரிய அளவில் உள்ள சிலருக்குத்தான் பழைய முறை லாபம்.

மாதம் 25,000 வாங்கும் தொழிலாளிக்கு எந்த முறையிலும் வரி கிடையாது. அப்படியிருந்தும் 'வரி மிச்சமாகும்' என்று சொல்லி அவரிடம் 20 வருஷப் பணம்திரும்பும் பாலிசியை விற்பது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம். அந்த வகைப் பாலிசிகளின் உண்மையான வளர்ச்சி ஆண்டுக்கு 5, 6 சதவீதத்தைத் தாண்டுவது அரிது. குடும்பத்துக்குப் பாதுகாப்பு வேண்டுமானால் இறந்தால் மட்டும் பணம் தரும் டெர்ம் பாலிசி தனியாக எடுங்கள், சேமிப்பைத் தனியாக வையுங்கள். மருத்துவக் காப்பீடும் இந்த வயதிலேயே எடுத்துவிடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை.

சம்பளம் 12.75 லட்சத்தைக் கொஞ்சம் தாண்டுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புதிய முறையிலும் நிலைத்திருக்கும் முக்கியமான சேமிப்புச் சலுகை, கம்பெனி வழியாக என்.பி.எஸ்.ஸில் போடும் தொகை; அடிப்படைச் சம்பளத்தில் 14 சதவீதம் வரை. மொத்தச் சம்பளம் 14 லட்சம், அடிப்படை 7 லட்சம் என்றால் 98,000 போடலாம். போடாவிட்டால் செஸ்ஸோடு வரி 81,900. போட்டால் 28,080. சம்பளத்தை அப்படிப் பிரித்துத் தரச் சொல்லிக் கம்பெனி ஹெச்.ஆரிடம் கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. பிரிவு எண்கள் மாறிவிட்டன. மதிப்பீட்டு ஆண்டு என்ற குழப்பம் போய் 'வரி ஆண்டு' வந்திருக்கிறது. பழைய எண்களை மனப்பாடமாக வைத்திருப்பவர்கள் பதறத் தேவையில்லை.

ஐந்தாம் படி: பி.எஃப்.புக்கு மேல் ஒரு அடுக்கு

அந்த 32,000 பள்ளத்தை நிரப்ப வேண்டும். பி.பி.எஃப்.பில் மாதம் 2,000 ரூபாய், 5-ஆம் தேதிக்குள் போட்டுவந்தால், இப்போதைய 7.1 சதவீதத்தில் 25 ஆண்டில் சுமார் 16 லட்சம். முழுவதும் வரியில்லாத பணம். 5-ஆம் தேதிக்குப் பிறகு போட்டால் அந்த மாத வட்டி போய்விடும். கணக்கு 15 ஆண்டு, பிறகு ஐந்தைந்து ஆண்டாக நீட்டிக்கலாம். ஆண்டுக்கு அதிகபட்சம் 1.5 லட்சம்.

வீட்டில் இருக்கும் மனைவிக்கும், தறியிலோ கடையிலோ பி.எஃப். இல்லாமல் வேலை செய்பவருக்கும் அடல் பென்ஷன் யோஜனா. 18 முதல் 40 வயது வரை சேரலாம். 30 வயதில் சேர்ந்தால் மாதம் 577 ரூபாய் கட்டி, 60 முதல் மாதம் 5,000 பென்ஷன். 18-ல் சேர்ந்தால் 210, 40-ல் சேர்ந்தால் 1,454. சந்தாதாரருக்குப் பிறகு துணைவருக்கு அதே தொகை, இருவருக்கும் பிறகு வாரிசுக்கு 8.5 லட்சம். வருமான வரி கட்டுபவர்கள் 2022 அக்டோபர் முதல் இதில் சேர முடியாது. வரி கட்டாத பெரும்பாலான குடும்பங்களுக்கு இதைவிட எளிய தொடக்கம் இல்லை.

சம்பளம் ஏறும்போது மாதாமாதம் ஒரு தொகை போடும் மியூச்சுவல் ஃபண்ட் எஸ்.ஐ.பி. தொடங்கலாம். ஏற்ற இறக்கம் உண்டு, வருமானத்துக்கு உத்தரவாதம் இல்லை. பத்து ஆண்டுக்குக் குறைந்த தேவைக்கு இதைத் தொட வேண்டாம். பங்குச் சார்ந்த ஃபண்டில் ஓராண்டுக்கு மேல் வைத்து விற்றால் ஆண்டுக்கு 1.25 லட்சம் லாபம் வரை வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். 12 லட்சத் தள்ளுபடி இந்த லாப வரிக்குப் பொருந்தாது. ஆகவே ஒரே ஆண்டில் மொத்தமாக எடுக்காமல் நான்கைந்து ஆண்டாகப் பிரித்து எடுங்கள்.

நகையைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் லாபத்தில் 12.5 சதவீத வரி உண்டு என்பதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: தோப்பும் நிலமும்

விவசாய வருமானத்துக்கு மத்திய வருமான வரி இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். சம்பளமும் தோப்பும் இரண்டும் உள்ளவருக்கு அது வரி விகிதத்தைத் தூக்கிவிடும் என்பது பலருக்குத் தெரியாது. கழிவு போக 14 லட்சம் சம்பள வருமானம், தேங்காயில் 3 லட்சம். சம்பளத்துக்கு மட்டும் என்றால் வரி 90,000. சட்டப்படி 17 லட்சத்துக்கு வரி கணக்கிட்டு (1,40,000), அதிலிருந்து, வரியில்லாத 4 லட்சமும் தேங்காயின் 3 லட்சமும் சேர்ந்த 7 லட்சத்துக்கான வரியை (15,000) கழிக்க வேண்டும். வருவது 1,25,000. செஸ் தனி. தேங்காய்க்கு நேரடியாக வரி இல்லை, ஆனால் 35,000 கூடிவிட்டது. ரிட்டர்னில் விவசாய வருமானத்தைக் காட்டாமல் விடாதீர்கள். பிள்ளைகள் கல்யாணத்துக்கோ வீடு கட்டவோ பெரிய தொகை கைமாறும்போது, அது எங்கிருந்து வந்தது என்பதற்கு அந்த வருஷத்து ரிட்டர்னும் தேங்காய் வியாபாரி தந்த ரசீதும்தான் சாட்சி.

ஓய்வுக்கு நிலத்தை விற்கும் எண்ணம் இருந்தால் தூரத்தை அளந்து பாருங்கள். கிராமப்புற விவசாய நிலத்தை விற்ற லாபத்துக்கு வரியே இல்லை. நகராட்சி எல்லையிலிருந்து நேர்கோட்டில் அளக்க வேண்டும்: மக்கள்தொகை 10,000 முதல் 1 லட்சம் வரை என்றால் 2 கிலோமீட்டர், 10 லட்சம் வரை 6, அதற்கு மேல் 8. சித்தூர்-தத்தமங்கலம் நகராட்சிக்கு 2 கிலோமீட்டர்தான் கணக்கு. அதைத் தாண்டிய வயல் என்றால் வரியில்லை. மனையாக மாற்றிவிட்ட நிலத்துக்கு இந்தச் சலுகை இல்லை. வரி உள்ள நிலமோ வீடோ 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கியது என்றால், 12.5 சதவீதம் நேராகவோ, விலைவாசி ஏற்றத்தைக் கழித்து 20 சதவீதமோ, எது குறைவோ அதைக் கட்டலாம். விற்கும் முன்பே தாலுகா ஆபீஸில் தூரத்துக்குச் சான்று வாங்கி வையுங்கள்.

ஏழாம் படி: சீட்டும் கோஆபரேட்டிவ் வைப்பும்

கே.எஸ்.எஃப்.இ. மாநில அரசின் நிறுவனம் என்பதால் சீட்டுப் பணம் பத்திரம். கல்யாணம், வீடு போன்ற ஐந்தாண்டுத் தேவைக்கு நல்லது, 25 ஆண்டுத் தேவைக்கு அது கருவி இல்லை. ஊர் சர்வீஸ் கோஆபரேட்டிவ் பேங்க் ஆரம்பக் கூட்டுறவுச் சங்கம் என்பதால், வணிக வங்கிகளுக்கு இருக்கும் 5 லட்சம் வைப்புக் காப்பீடு அதற்குப் பொருந்தாது. மாநிலத்தின் உத்தரவாத நிதி மட்டும்தான். 2021-ல் வெளிவந்த திருச்சூர் மாவட்டத்துக் கருவன்னூர் கூட்டுறவு வங்கி மோசடி விவகாரத்தில் வைப்புதாரர்கள் சொந்தப் பணத்துக்காக அலைந்ததை நாம் பார்த்தோம். ஊர்ச் சங்கத்தில் பணம் வைப்பது தவறில்லை. ஓய்வுக்காலப் பணம் முழுவதையும் அங்கே வைக்காதீர்கள். அங்கே வரி பிடிக்கவில்லை என்பதால் வட்டிக்கு வரி இல்லை என்றும் நினைக்காதீர்கள்.

எட்டாம் படி: 58-ல் பணம் கைக்கு வரும்போது

பி.எஃப்., கிராஜுவிட்டி வந்ததும் சொந்தக்காரர்கள் கடன் கேட்பார்கள், மருமகன் கடை வைக்க யோசனை சொல்வார். ஆறு மாதம் எதுவும் முடிவு செய்யாமல் இருப்பது நல்லது, ஒன்றைத் தவிர. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்கு 60 வயது வேண்டும் என்றாலும், 55-க்கு மேல் ஓய்வு பெற்றவர் பணம் கிடைத்த மூன்று மாதத்துக்குள் சேரலாம். வட்டி 8.2 சதவீதம், அதிகபட்சம் 30 லட்சம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி. 30 லட்சத்துக்கு ஆண்டுக்கு 2,46,000.

இதோடு மாதம் 5,785 பென்ஷனும் 8,000 வீட்டு வாடகையும் சேரட்டும். பென்ஷன் ஆண்டுக்கு 69,420. நிலையான கழிவிலேயே அது முழுவதும் கழிந்துவிடும். வாடகை 96,000-இல் 30 சதவீதம் கழித்து 67,200. மொத்தம் 3,13,200. வரி இல்லை. ஆனாலும் மூத்த குடிமக்களுக்கு வட்டி ஆண்டுக்கு 1 லட்சத்தைத் தாண்டினால் வங்கி 10 சதவீதம் பிடிக்கும். அதைத் தடுக்க, வரி இல்லை என்ற உறுதிமொழிப் படிவத்தை, இதுவரை 15ஹெச் என்று சொல்லிவந்ததை, ஏப்ரலிலேயே கொடுக்க வேண்டும். 60 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு நிபந்தனை கடுமை: வட்டியே அடிப்படை வரம்பான 4 லட்சத்தைத் தாண்டக் கூடாது.

2025 ஜனவரி முதல் பி.எஃப். பென்ஷனை நாட்டின் எந்த வங்கிக் கிளையிலும் வாங்கலாம். பாலக்காட்டில் தொடங்கி, பிறகு மகள் வீட்டோடு கோயம்புத்தூர் போனாலும் ஆவணத்தை மாற்ற அலையத் தேவையில்லை. ஆண்டுக்கு ஒருமுறை உயிர்வாழ் சான்று மட்டும் கொடுத்தால் போதும்.

கேரள அரசின் சமூகப் பாதுகாப்புப் பென்ஷன் 2025 நவம்பர் முதல் 2,000 ரூபாய், குடும்ப ஆண்டு வருமானம் 1 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு. தொழிலாளர் நல நிதியான க்ஷேமநிதியில் உறுப்பினராக இருந்தால் அதன் பாஸ்புக்கில் அம்சாதாயம் (சந்தா) நிலுவை இல்லாமல் கட்டியிருக்கிறதா என்று 60 வருவதற்குள் பார்த்துவிடுங்கள். நிலுவை இருந்தால் பென்ஷனுக்கு விண்ணப்பிக்கும் முன்பே க்ஷேமநிதி ஆபீஸில் அதைத் தீர்த்துக்கொள்ளுங்கள்.